தண்ணீருக்குள் கயிறு

சிலோயே தீவில், கெயிலென் ஊரில்
ஏப்ரலில் தொடங்கும் மழைக்கு முற்றுப்புள்ளி கிடையாது.
சால்மன் ஆலையில் ஷிஃப்ட் முடிந்து
இரவு ஏழரைக்குப் பதினோரு பேர் வருவார்கள்.
ரப்பர் பூட்ஸைக் கதவோரம் கழற்றிவிட்டு
பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்காருவார்கள்.
எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள்.
எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால்
இனி ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட விடமாட்டார்களாம்.

கரும்பலகையில் எழுதினேன்:
ஒரு பத்தி. ஒரே விஷயம்.
மற்ற வாக்கியங்கள் அதற்கு முட்டுக்கொடுக்க வேண்டும்.
"கொடுக்காதது?" என்று கேட்டாள் ஒத்தீலியா பர்ரியா.
வெளியே, என்றேன்.
பதினெட்டு வருஷமாக மீனில் முள் எடுக்கிறவள்.
"இவ்வளவுதானா," என்றாள்.

அவள் எழுதியது ஐந்து வரி, கத்தி தீட்டுவது பற்றி.
கல், தண்ணீர், சாய்வு,
கட்டைவிரல் நகத்தில் ஒரு சோதனை.
ஓர் எழுத்துப்பிழை இருந்தது.
அதைத் தொட மனம் வரவில்லை.

ரோசமெல் வென்சூர் எழுதியது ஒரு முழுப் பக்கம்.
தலைப்பு: என் தம்பி ஏன் திரும்பவில்லை.
ஆகஸ்ட். வடக்குக் காற்று. எஞ்சின் நின்றது.
நடுவில் திடீரென்று,
அந்த வருஷம் உருளைக்கிழங்கில் கருகல் விழுந்தது.
பிறகு மறுபடியும் கடல்.
சிவப்புப் பேனாவால் உருளைக்கிழங்கை அடித்தேன்.
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு
என்று ஓரத்தில் குறித்தேன்.
இருபத்தேழு வயதில் சிவப்பு மைக்குப் பஞ்சமில்லை.

இடைவேளையில் தாளோடு வந்தார். கோபம் இல்லை.
கடைசிச் சொல்லின் மேல் விரல் வைத்து,
"முடிச்சு இருக்கிறது, டீச்சர்," என்றார்.
கருகலில் விளைச்சல் போயிற்று.
விளைச்சல் போனதில் எஞ்சினுக்கு பம்ப் வாங்கவில்லை.
பம்ப் கெட்ட படகை
ஆகஸ்டில் எவனும் எடுக்கமாட்டான்,
கடன்காரன் வாசலில் நிற்காத வரைக்கும்.
"கயிறு தண்ணீருக்குள் போகிறது. அவ்வளவுதான்."

யாரோ மாத்தே ஊற்றினார்கள். கோப்பை எனக்கு வந்தது.
மன்னிப்புக் கேட்பதா, பலகையில் உள்ளதைக் காப்பாற்றுவதா
என்று கொஞ்ச நேரம் உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.
பிறகு சொன்னேன்,
நான் அந்தப் படகில் இல்லையே.
எனக்குத் தெரிவது இரண்டு மிதவைகள்.
நடுவில் உள்ளதை இழுத்து மேலே போடுங்கள்.

நின்றபடியே எழுதினார்.
'அதனால்' மூன்று தடவை வந்தது.
மூன்றாவதில் பேனா கொஞ்சம் நின்றது.
அப்புறம், நான் அழகு என்று குறித்திருந்த வரி,
பாறையில் நீர்க்காகங்கள்
ஈரப் போர்வையை விரித்த விதவைகள் போல நின்றன,
அதை அவரே அடித்தார்.
"அன்றைக்குப் பறவையே இல்லை.
பக்கம் நிரம்பட்டும் என்று போட்டேன்."

ஜூனில் வகுப்பறை விறகு தீர்ந்தது.
கல்வி அலுவலகத்துக்கு நான் எழுதிய கடிதத்தை
எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.
மாண்புமிகு என்று தொடங்கி,
முதியோர் கல்வியின் மகத்துவம் வழியாக,
அறிவென்னும் சுடரைத் தொட்டு,
இரண்டாம் பக்கத்தில் குளிருக்கு வந்திருந்தேன்.
ஒத்தீலியா கை நீட்டிப் பென்சில் கேட்டாள்.
முள் முள்ளாக எடுத்தாள்.
மிஞ்சியது:
இரவு வகுப்பில் விறகு இல்லை.
பதினோரு பேர் படிக்கிறோம்.
நேற்று அறைக்குள் நான்கு டிகிரி.
இரண்டு கன மீட்டர் அனுப்பவும்.

பன்னிரண்டாம் நாள் லாரி வந்தது.
இரண்டு கன மீட்டர், அளந்து வைத்தாற்போல்.
அத்தனையும் பச்சை மரம். வெட்டிய முகத்தில் நீர் கசிந்தது.
புகையில் கண்ணைத் துடைத்தபடி
ரோசமெல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.
"காய்ந்தது என்று," இருமிக்கொண்டே சொன்னார்,
"நாம் எழுதவில்லை."